படிக்கட்டு யாருக்குச் சொந்தம்?

எங்கள் ஃப்ளாட்டில் மொத்தம் 12 வீடு. கீழே கார் நிறுத்த இடம் 8. இந்தக் கணக்கைப் பார்த்ததுமே மீதிக் கதை உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அப்பாவும் மூன்றாவது மாடி அங்கிளும் பேசி நாலு வருஷம் ஆகிறது. காரணம், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் தூணை ஒட்டி இருக்கும் ஒரு கார் பார்க்கிங். அது தன்னுடையது என்கிறார் அப்பா. இல்லை, தன்னுடையது என்கிறார் அவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இரண்டு பேரிடமும் பில்டர் கொடுத்த ரசீது இருக்கிறது. டயரில் காற்று இறங்குவது, அசோசியேஷன் மீட்டிங்கில் குரல் உயர்வது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் போகாதது என்று எல்லாக் கட்டமும் தாண்டியாகிவிட்டது. அவர் பையனும் நானும் ஒரே பஸ்ஸில்தான் காலேஜ் போகிறோம். பஸ்ஸில் நன்றாகப் பேசுவோம். படிக்கட்டில் பார்த்தால் மட்டும் சிரிக்கலாமா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் குழப்பம்.

இந்த செமஸ்டர் வணிகச் சட்டம் பேப்பர் இருக்கிறது. அதைப் படிக்கும்போது ஒரு ஆர்வத்தில் பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடியும் கார் பார்க்கிங் என்ற வார்த்தையே இல்லை. பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். அவனும் அவர்கள் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அதிலும் இல்லை.

அப்படியானால் அந்த பில்டர் எதை விற்றார்? இவர்கள் இரண்டு பேரும் எதை வாங்கினார்கள்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அது ரோமாபுரி வரைக்கும் போகிறது. பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

*

மாடி மேல் மாடி கட்டி வாழ்வது ஏதோ நம் காலத்துக் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். ரோம் நகரத்தில் 2000 வருஷம் முன்பே இது இருந்திருக்கிறது. பணக்காரர்கள் தனி வீட்டில் இருக்க, மற்றவர்கள் பெரும்பாலும் 'இன்சுலா' என்ற வாடகைக் கட்டடங்களில் அடுக்கடுக்காக வாழ்ந்தார்கள். கீழே கடைகள், மேலே வீடுகள், அதற்கும் மேலே இன்னும் சின்ன வீடுகள். ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்டியா என்ற பழைய துறைமுக ஊரில் இந்தக் கட்டடங்களின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். உயரமாகக் கட்டிக் கட்டி இடிந்து விழுந்ததால், 70 அடிக்கு மேல் கட்டக்கூடாது என்று அகஸ்டஸ் சக்கரவர்த்தி உத்தரவு போட்டார். பின்னால் வந்த டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். அந்தக் காலத்து சி.எம்.டி.ஏ. விதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

மேல் மாடியிலிருந்து தெருவில் போகிறவர் தலையில் எதையாவது கொட்டுவது அங்கே அன்றாடப் பிரச்சனை. இதற்கென்றே ரோமச் சட்டத்தில் தனி வழக்கு உண்டு. கொட்டினதால் நஷ்டம் வந்தால், அந்த வீட்டில் குடியிருப்பவர் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். சுதந்திரக் குடிமகன் யாராவது செத்துவிட்டால் 50 பொற்காசு. ஒரே வீட்டில் பல பேர் சேர்ந்து குடியிருந்து, யார் கொட்டினது என்று தெரியாவிட்டால்? அவர்களில் யாரை வேண்டுமானாலும் பிடித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். "நான் இல்லைங்க, அவன்தான்" என்ற பேச்சுக்கே இடம் இல்லை. யார் கொட்டினது என்று கண்டுபிடிப்பதை அவர்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு பாலாடைக்கட்டி கடை வழக்கு. கி.பி. 533ல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி தொகுத்து வெளியிட்ட சட்டத் திரட்டில் இது இருக்கிறது. மின்டுர்னே என்ற ஊரில் ஒருவன் ஊராரிடமிருந்து ஒரு கடையை வாடகைக்கு எடுத்து பாலாடைக்கட்டி வியாபாரம் செய்தான். கடைப் புகை மேலே இருந்த கட்டடத்துக்குள் போனது. சண்டை. அரிஸ்டோ என்ற சட்ட நிபுணரிடம் கருத்துக் கேட்டார்கள். அவர் சொன்னது: மேலே இருப்பவர் அப்படி ஒரு உரிமையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, புகையை மேலே விட முடியாது. அதே மாதிரி மேலே இருப்பவரும் தண்ணீரைக் கீழே விட முடியாது. அடுப்பிலிருந்து வரும் லேசான புகை பரவாயில்லை என்று இன்னொரு குறிப்பும் அங்கேயே இருக்கிறது.

சரி, கடைக்காரன் என்ன செய்வான்? வாடகை கொடுத்தல்லவா எடுத்திருக்கிறான்? அதற்கும் பதில் இருக்கிறது. கடையை வாடகைக்கு விட்ட ஊரார்தான் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாடகை ஒப்பந்தத்தின் பேரில் அவன் அவர்கள் மேல் வழக்குப் போடலாம்.

இந்த இடத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சண்டை போடுவது கடைக்காரனும் மேல் வீட்டுக்காரனும். ஆனால் தன்னிடம் இல்லாத உரிமையைக் கொடுத்துக் காசு வாங்கியது மூன்றாவது ஆள். நம்ம பில்டர் ரசீது ஞாபகம் வருகிறதா?

*

ரோமில் மாடி வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர்கள். 'நிலம் யாருடையதோ, அதன் மேல் நிற்கும் கட்டடமும் அவருடையது' என்பது அவர்கள் சட்டத்தின் அடிப்படை. அதனால் மூன்றாவது மாடி ஒருவருக்கும் நான்காவது மாடி இன்னொருவருக்கும் சொந்தம் என்ற பேச்சுக்கு அங்கே அதிகம் இடமில்லை. அந்தத் தலைவலி பிரான்ஸில் நன்றாகவே வந்தது.

1720 டிசம்பரில் ரென் என்ற ஊரில் பெரிய தீ விபத்து. சுமார் 900 வீடுகள் போய்விட்டன. திரும்பக் கட்ட ஒரு ஆளுக்குக் கட்டுப்படி ஆகாததால் பல பேர் காசு போட்டு ஒரு கட்டடம் கட்டி, ஆளுக்கு ஒரு மாடி எடுத்துக்கொண்டார்கள். இப்படி வாழ்வது பழகிப்போன பிறகு நெப்போலியன் காலத்தில், 1804ல், வந்த சிவில் சட்டத்தின் 664வது பிரிவு இதற்கு விதி எழுதியது. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் இதுதான் கணக்கு:

முக்கியச் சுவர்களும் கூரையும் எல்லோர் செலவு, அவரவர் மாடியின் மதிப்புக்கு ஏற்ற விகிதத்தில். அவரவர் நடக்கும் தளம் அவரவர் செலவு. படிக்கட்டு? முதல் மாடிக்காரர் தரையிலிருந்து தன் வீடு வரைக்கும் உள்ள படியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது மாடிக்காரர் அங்கிருந்து தன் வீடு வரை. அதற்கு மேலும் இப்படியே.

படிக்கும்போது எவ்வளவு அழகான கணக்கு என்று தோன்றியது. பிறகு யோசித்தால் ஓட்டை தெரிகிறது. முதல் மாடிக்காரர் போட்ட படியில்தான் மேலே இருக்கும் அத்தனை பேரும் தினமும் ஏறி இறங்குகிறார்கள். தேய்வது எல்லோராலும், செலவு ஒருவருக்கு. அதைவிடப் பெரிய குறை, செலவை யார் செய்ய வேண்டும் என்று சொன்ன அந்தச் சட்டம், எப்போது எப்படிச் செய்வது என்பதை யார் முடிவு செய்வது என்று சொல்லவில்லை. ஒருவர் முறைத்துக்கொண்டால் வேலை நின்றுவிடும்.

இதைச் சரிசெய்ய 134 வருஷம் ஆனது. 1938 ஜூன் 28ல் வந்த சட்டம், ஒரே கட்டடத்தின் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு சங்கம், பெரும்பான்மை முடிவு எல்லோரையும் கட்டும் என்றது. பிறகு 1965ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி போய், லிஃப்ட் மாதிரி வசதிகளுக்கு அது யாருக்கு எவ்வளவு பயன்படுகிறதோ அந்த அளவுக்குத்தான் செலவு என்றது. ஆக "நான் தரைத்தளம், லிஃப்டே ஏறுவதில்லை, நான் ஏன் கொடுக்கணும்" என்று எங்கள் கீழ் வீட்டு மாமி மாதா மாதம் கேட்பதைப் பாரிஸில் கேட்டால் சட்டம் மாமி பக்கம் :-)

விதி எழுதாமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யாவைப் பார்க்கலாம். 1917 புரட்சிக்குப் பிறகு நகரங்களில் பெரிய வீடுகளை அரசாங்கம் எடுத்து, ஒரு அறைக்கு ஒரு குடும்பம் என்று வைத்தது. சமையலறை, கழிப்பறை, நடை எல்லாம் பொது. இதற்குப் பெயர் 'கொம்முனால்கா'. எல்லாம் மக்கள் சொத்து என்றால் சண்டையே வராது அல்லவா? நடந்தது நேர் எதிர். வாசலில் ஒரே மணி, முதல் குடும்பத்துக்கு ஒரு தடவை, அடுத்த குடும்பத்துக்கு இரண்டு தடவை அடிக்க வேண்டும். பல இடங்களில் பொதுக் கழிப்பறையில் குடும்பத்துக்கு ஒரு பல்பு, அதன் ஸ்விட்ச் அவரவர் அறைக்குள். அடுத்தவன் பல்பை எரித்துவிடக் கூடாது பாருங்கள். ஜோஷ்சென்கோ என்ற எழுத்தாளர் 1920களிலேயே, மண்ணெண்ணெய் ஸ்டவ் துடைக்கும் ஒரு சின்ன பிரஷ்ஷுக்காகப் பொதுச் சமையலறையே ரணகளமாவதை நகைச்சுவைக் கதையாக எழுதினார். ரஷ்யர்கள் மட்டும் சண்டைக்காரர்கள் என்று அர்த்தமில்லை. எது யாருக்கு எப்போது என்று யாரும் தீர்மானிக்காததால் ஒவ்வொருவரும் தாமே எல்லை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

*

இப்போது நம் ஊருக்கு வருவோம். முதலில் பம்பாய். ஏனென்றால் இந்தியாவில் ஃப்ளாட் சண்டைக்குத் தாய்வீடு அதுதான்.

மில் தொழிலாளர்களுக்காக எழுந்த 'சால்' கட்டடங்களில் ஒரு அறை, முன்னால் நீளமாகப் பொது வராண்டா, மாடிக்கு மாடி பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. 1920களில் அரசாங்கம் வொர்லி, நய்காம் பக்கம் கட்டிய சால்களில் ஒரு அறை 160 சதுர அடி. எல்லோரும் வாடகைதாரர்கள். இன்னொரு பக்கம் 1915ல் காம்தேவியில் சரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் வந்தது. கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம், உறுப்பினர்கள் அதில் வசிப்பார்கள். இந்த அமைப்பில் படிக்கட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். சங்கத்துக்கு.

1947ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு வாடகைக்கு விடக் கட்டுவது லாபமில்லை என்றாகி, கட்டி விற்பது வளர்ந்தது. பில்டர் என்ற மனிதர் கதைக்குள் வருகிறார். அவர் விற்கும் வரை முதலாளி, விற்ற பிறகு ஆளைக் காணோம். அந்த இடைவெளியில் எவ்வளவு தில்லுமுல்லு நடந்திருந்தால் 1963லேயே மகாராஷ்டிரா தனிச் சட்டம் போட்டிருக்கும் என்று யோசியுங்கள். பில்டர் வாங்குபவர்களைக் கொண்டு சங்கம் அமைக்க வேண்டும், நிலத்தையும் கட்டடத்தையும் அதன் பெயருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்றது அது.

அப்படியும் ஒரு சந்து இருந்தது. அந்தச் சட்டத்தில் 'ஃப்ளாட்' என்பதற்கான விளக்கத்தில் கராஜும் அடக்கம். மும்பை தஹிசரில் ஒரு பில்டர், தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கும் கராஜ்தான், அதனால் அது தனி ஃப்ளாட் மாதிரி, அதை நான் யாருக்கும் விற்பேன், சங்கம் அதில் தலையிடக் கூடாது என்று வழக்குப் போட்டார். கவனியுங்கள், வழக்குப் போட்டதே பில்டர்தான். சிட்டி சிவில் கோர்ட், ஹைகோர்ட் இரண்டிலும் தோற்று, சுப்ரீம் கோர்ட் போனார். 2010 ஆகஸ்ட் 31ல் நீதிபதிகள் லோதா, பட்நாயக் தீர்ப்புச் சொன்னார்கள். நஹல்சந்த் லாலூசந்த் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். சாரம் இதுதான்: ஸ்டில்ட் பார்க்கிங் ஃப்ளாட்டும் இல்லை, கராஜும் இல்லை. அது பொது இடத்தின் பகுதி. அதைத் தனியாக விற்கும் உரிமை பில்டருக்குக் கிடையாது.

மகாராஷ்டிரா சட்டத்தை வைத்து வந்த தீர்ப்புதான். ஆனாலும் மற்ற மாநிலங்களிலும் இன்று வரை எடுத்துக்காட்டப்படுகிறது. 2016ல் வந்த ரெரா சட்டம் பொது இடம் என்றால் என்ன என்று பட்டியலே போட்டுவிட்டது. படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, பூங்கா, திறந்தவெளி பார்க்கிங் எல்லாம் அதில் உண்டு.

*

சென்னையில் கதை கொஞ்சம் வேறு. 80களில் தனி வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டுவது சூடு பிடித்தபோது இங்கே வந்த வழி 'யூ.டி.எஸ்.', அதாவது நிலத்தில் பிரிபடாத பாகம். ரொம்ப காலம் நடைமுறை இதுதான்: நிலத்தில் ஒரு பாகத்துக்குக் கிரயப் பத்திரம், வீட்டைக் கட்டித் தர பில்டரோடு தனியாக ஒரு ஒப்பந்தம்.

நம்ம பாஷையில் சொல்கிறேன். 2 கிரவுண்டு, 4800 சதுர அடி நிலம். 12 வீடும் ஒரே அளவு என்றால் ஆளுக்கு 400 சதுர அடி. ஆனால் எந்த 400 என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. நூறு ஷேர் வைத்திருப்பவர் கம்பெனி ஆபீஸுக்குப் போய் நாற்காலியைத் தூக்கி வர முடியாது அல்லவா, அது மாதிரி. (உதாரணம் முழுசாகப் பொருந்தாது. ஷேர்ஹோல்டருக்குக் கம்பெனி சொத்தில் நேரடி உரிமை இல்லை, நமக்கு நிலத்தில் இருக்கிறது. ஆனால் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது என்பதில் இரண்டும் ஒன்று.)

இப்போது யோசியுங்கள். தூணுக்குப் பக்கத்து இடத்தின் கீழே இருக்கும் நிலத்தில் 12 பேருக்கும் பாகம் இருக்கிறது. அந்தப் பாகத்தையெல்லாம் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிய பிறகு, அதே இடத்தை அப்பாவுக்கு ஒரு தடவை, அங்கிளுக்கு ஒரு தடவை விற்றிருக்கிறார் பில்டர். ரசீது இரண்டு இல்லை, கணக்குப்படி மூன்றாவது விற்பனை!

தமிழ்நாட்டில் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1994லேயே வந்தது. ஆனால் பெரும்பாலான அசோசியேஷன்கள் அதன்படி போகாமல், 1975ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்துகொண்டன. எங்கள் லெட்டர்பேடிலும் அதுதான். சங்கம் இருக்கும், சந்தா வசூலிக்கும், லாரித் தண்ணீருக்குப் பணம் பிரிக்கும். பார்க்கிங் என்று வந்தால் "அது நீங்களே பேசித் தீர்த்துக்குங்க சார்". இப்போது 2022ஆம் வருஷத்துப் புதிய சட்டம் பழையதன் இடத்துக்கு வந்திருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட ஒருத்தர் விடாமல் சம்மதிக்க வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு போதும் என்கிறது. பிரான்ஸ் 1938ல் வந்து சேர்ந்த இடம் ஞாபகம் வருகிறதா?

எல்லாவற்றையும் சட்டம் தீர்த்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். சிங்கப்பூரில் கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பேர் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். அங்கே நடைபாதையில் செருப்பு ஸ்டாண்டு, செடித்தொட்டி வைக்கலாமா என்றால், நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று அளவே சொல்லி வைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவே காலி இடம் அவர்களுக்கும் உண்டு. கார் நிறுத்த அல்ல. ஒரு நாள் மலாய்க் கல்யாணம், இன்னொரு நாள் சீனர் வீட்டு இழவு, மற்ற நாட்களில் பெரியவர்கள் செஸ் ஆடுவார்கள். அவ்வளவு விதி இருந்தும் ஒரு சண்டை வந்தது. சீனாவிலிருந்து குடிவந்த ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை பிடிக்கவில்லை. சமரச மையத்தில் பேசி, சீனக் குடும்பம் வீட்டில் இல்லாதபோது மட்டும் குழம்பு வைப்பதாக இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது. 2011ல் இந்தச் செய்தி பத்திரிகையில் வந்ததும் ஊரே கொதித்து, ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லோரும் வீட்டில் குழம்பு வையுங்கள் என்று கிளம்பிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் சீனர்களும் சேர்ந்து வைத்தார்கள். பாலாடைக்கட்டி புகை போய்க் குழம்பு வாசனை வந்திருக்கிறது, அவ்வளவுதான். வாசனைக்கு டேப் வைத்து அளவெடுக்க முடியாது. அதற்குப் பக்கத்து வீட்டு மனுஷர்தான் வேண்டும்.

ஆனால் பார்க்கிங் அப்படி இல்லை. அளக்க முடியும், எழுத முடியும். எழுதாமல் விட்டதால் லாபம் பார்த்தவர் ஒருவர், நாலு வருஷமாகப் பேசாமல் இருப்பவர்கள் வேறு இருவர்.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். முதலில் கோபம். "அப்ப நான் கொடுத்த காசு?" என்றார். பில்டர் நம்பர் எப்போதோ வேலை செய்யாமல் போய்விட்டது. கொஞ்ச நேரம் பேப்பரைப் புரட்டினார். பிறகு, "அவரும் அவ்வளவுதான் கொடுத்திருப்பாரா?" என்று கேட்டார். நாலு வருஷத்தில் அங்கிளைப் பற்றி அப்பா கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

அடுத்த மாதம் அசோசியேஷன் பொதுக்குழு. 8 இடத்தையும் வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தீர்ப்பை ரெண்டு காப்பி ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். ஒன்று எதற்கு என்றேன்.

"மூணாவது மாடிக்கு. நீயே போய்க் குடு."

இன்று சாயங்காலம் போகிறேன்.

டிஸ்கி: நான் காமர்ஸ் மாணவன், வக்கீல் இல்லை. இந்தப் பதிவைக் காட்டி யாரும் கோர்ட்டுக்குப் போய்விட வேண்டாம். முதலில் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.